பந்தின் மூக்கு எந்தப் பக்கம்?

(ஒன்றிய அளவிலான அறிவியல் ஆசிரியர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆதிச்சநல்லூரிலிருந்து ஒரு டீச்சர் பேச வருகிறார் என்றால் முதுமக்கள் தாழியைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். எங்கே போனாலும் என்னிடம் அதைத்தான் கேட்கிறார்கள். அலெக்சாண்டர் ரீ தோண்டிய கதையையும், 2004இல் மறுபடி தோண்டிய கதையையும் சொல்லச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. இன்று அது வேண்டாம். இன்று நான் பேசப் போவது ஒரு பந்தைப் பற்றி. கையில் எப்படிப் பிடித்தால், எந்த விரலால் சுழற்றினால், அது காற்றில் எந்தப் பக்கம் வளையும் என்பதைப் பற்றி.

நான் வாழ்க்கையில் ஒரு நாள்கூட மைதானத்தில் இறங்கி விளையாடியவள் இல்லை. படித்தது விலங்கியல், பிறகு பி.எட். அறிவியல் பட்டதாரி ஆசிரியர் என்பதால் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு இயற்பியலும் நான்தான் எடுக்கிறேன். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் என் கட்சிதான் என்று தெரியும். தவளையின் இதயம் என்றால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வோம். திருப்புத்திறன் என்றால் முந்தின நாள் இரவு உட்கார்ந்து படித்துவிட்டு வருவோம்.

இன்னொரு உண்மையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடற்கல்விப் பாடவேளையைக் கடன் வாங்கும் ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. "சார், இன்னைக்கு மட்டும் ஒரு பீரியட் கொடுங்க, போர்ஷன் முடியல" என்பேன். எங்கள் உடற்கல்வி ஆசிரியர் சிரித்துக்கொண்டே "எடுத்துக்கிடுங்க டீச்சர்" என்பார். பல வருடங்கள் இப்படி வாங்கிய கடனில் ஒன்றைக்கூட நான் திருப்பிக் கொடுத்ததில்லை.

அப்படிக் கடன் வாங்கிய ஒரு நாளில்தான் இது ஆரம்பித்தது. ஒன்பதாம் வகுப்பு. பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் ஒரு மாணவி. அம்மா வாழைத் தோட்ட வேலைக்குப் போகிறவர். அரையாண்டுத் தேர்வில் என் பாடத்தில் தேறாதவள். அவள் எழுந்து, "டீச்சர், பந்து தரையில படுறதுக்கு முன்னாடியே காத்துலயே திரும்புதே, அது எப்படி?" என்று கேட்டாள். பாடத்துக்குச் சம்பந்தம் இல்லாத கேள்வி என்று எனக்குக் கோபம். "காத்து அடிச்சிருக்கும், உக்காரு" என்றேன்.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தாள். "டீச்சர், நேத்து சாயங்காலம் மண்ணை எடுத்துத் தூவிப் பார்த்தேன். நேரா கீழ விழுந்துச்சு. காத்தே இல்ல. அப்பவும் பந்து திரும்புச்சு" என்றாள்.

இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? ஒரு காரணம் சொன்னேன். அந்தக் காரணத்தைத் தனியாகப் பிரித்தெடுத்து, அது இல்லாத நிலையில் விளைவு தொடர்கிறதா என்று அவள் பார்த்திருக்கிறாள். பி.எட். வகுப்பில் அறிவியல் மனப்பான்மை என்று பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அதைச் செய்து காட்டியவள் என் பாடத்தில் தேறாத பிள்ளை.

அன்று இரவு என் பழைய குறிப்பேட்டை எடுத்தேன். அதில் ஒரு விளக்கம் இருந்தது. சுழலும் பந்தின் ஒரு பக்கம் காற்று வேகமாக ஓடும், மறுபக்கம் மெதுவாக ஓடும், வேகம் கூடினால் அழுத்தம் குறையும், ஆகவே அந்தப் பக்கம் பந்து இழுக்கப்படும். ஏன் வேகமாக ஓட வேண்டும்? முன்னால் பிரிந்த இரண்டு காற்றும் பின்னால் ஒரே நேரத்தில் சேர வேண்டுமாம். இதை அப்படியே கரும்பலகையில் எழுதினேன். அவள் கேட்டாள்: "அந்த ரெண்டு காத்தும் ஏன் டீச்சர் ஒண்ணா போய்ச் சேரணும்? ரெண்டும் பேசி வச்சுக்கிட்டா போகுது?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அவள் கேட்டது முற்றிலும் சரி. சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உண்மையில் அவை ஒன்றாகப் போய்ச் சேர்வதும் இல்லை. விமான இறக்கையை விளக்கும்போதும் நம்மில் பலர் இதே கதையைத்தான் சொல்கிறோம். வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது என்பது சரி. 'ஒரே நேரத்தில் சேர வேண்டும்' என்பதுதான் ஆதாரம் இல்லாத ஒட்டுவேலை.

பிறகு தேடிப் படித்தேன். இந்தக் கேள்வி என் மாணவிக்கு முன்னால் ஐசக் நியூட்டனுக்கு வந்திருக்கிறது. 1672இல் ஒளியைப் பற்றி எழுதிய கடிதத்தில், மட்டையால் சாய்வாக அடித்த டென்னிஸ் பந்து வளைந்து போவதைப் பார்த்ததாக அவர் குறிப்பிடுகிறார். 1742இல் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் துப்பாக்கிக் குண்டு ஏன் குறி தவறுகிறது என்று ஆராய்ந்தபோது, குண்டின் சுழற்சிதான் காரணம் என்றார். அதற்கும் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1852இல், ஜெர்மனியைச் சேர்ந்த மாக்னஸ் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தார். பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. மாக்னஸ் விளைவு என்கிறோம். நியூட்டனே ஒரு வரியில் விட்டுவிட்டுப் போன கேள்வியைத்தான் நான் "காத்து அடிச்சிருக்கும்" என்று உட்கார வைத்திருக்கிறேன்.

சரி, உண்மையில் என்ன நடக்கிறது? நமக்குத் தெரிந்த தோணியை வைத்துச் சொல்கிறேன். தோணியின் சுக்கானைத் திருப்பினால், அது தண்ணீரை ஒரு பக்கம் தள்ளுகிறது. தண்ணீர் பதிலுக்குத் தோணியின் பின்பகுதியை மறுபக்கம் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி, அவ்வளவுதான். பந்துக்கும் தோணிக்கு இருப்பது போல ஒரு வால் உண்டு. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது பின்னால் கலங்கிய காற்று ஒரு வாலாக நீள்கிறது. சுழலாத பந்தில் அந்த வால் நேராகப் பின்னால் இருக்கும். பந்து சுழன்றால், ஒரு பக்கத்தில் பந்தின் மேற்பரப்பு எதிர்க்காற்று ஓடும் திசையிலேயே ஓடுகிறது. அங்கே காற்று பந்தை ஒட்டிக்கொண்டு அதிக தூரம் சுற்றிப் போகிறது. மறுபக்கத்தில் மேற்பரப்பு காற்றை எதிர்த்து ஓடுகிறது. அங்கே காற்று சீக்கிரமே பிரிந்துவிடுகிறது. இதனால் வால் ஒரு பக்கம் கோணிக்கொள்கிறது. பந்து காற்றை அந்தப் பக்கம் தள்ளுகிறது, காற்று பந்தை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. பந்து தன் சுக்கானைத் தானே திருப்பிக்கொண்டு போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது பாதிப் பேருக்குத்தான் பிடிபட்டது. எந்தச் சுழற்சிக்கு எந்தத் திசை என்று குழம்பினார்கள். நானும் குழம்பினேன். கடைசியில் ஒரு பந்தை எடுத்து, போகும் திசையில் இருக்கும் புள்ளியில் மார்க்கரால் ஒரு மூக்கு வரைந்தோம். சுழலும்போது அந்த மூக்கு எந்தப் பக்கம் நகர்கிறதோ, அந்தப் பக்கம்தான் பந்து வளையும். மூக்கு கீழே போனால் பந்து சீக்கிரம் இறங்கும். மூக்கு மேலே போனால் பந்து இறங்கத் தாமதிக்கும். மூக்கு இடது பக்கம் போனால் பந்து இடது பக்கம். ஒரு வரி, எல்லாச் சுழற்சிக்கும் பொருந்தும். இதை மட்டும் எழுதிக்கொண்டு போனாலும் போதும்.

இப்போது கிரிக்கெட்டுக்கு வருகிறேன். வலக்கை ஆஃப் ஸ்பின்னரை எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ரவிச்சந்திரன் அஸ்வின். 106 டெஸ்ட் போட்டிகளில் 537 விக்கெட் எடுத்துவிட்டு 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றார். பொறியியல் படித்தவர் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அது அவர்களுக்குப் பிடிக்கும். ஆஃப் ஸ்பின் என்பது கதவின் உருண்டைக் கைப்பிடியைத் திருகுவது போல. பந்து வீசுபவரின் பின்னால் நின்று பார்த்தால் பந்து கடிகார முள் திசையில் சுழலும். அதாவது பந்தின் அடிப்பக்கம் இடது பக்கமாக நகர்கிறது. தரையில் பட்டதும் அடிப்பக்கம் தரையை இடது பக்கம் உரசுகிறது. உராய்வு எதிர்த்திசையில் இருக்கும், ஆகவே பந்து வலது பக்கம் திரும்புகிறது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் அதற்கு முன்னால், காற்றில், அதே பந்து இடது பக்கம் மிதந்து போகும். முதலில் வெளியே போவது போலப் போக்குக் காட்டிவிட்டு, தரையில் பட்டு உள்ளே வரும். ஏன்? பந்து இறங்கி வரும்போது அதன் மூக்கு கொஞ்சம் கீழ்ப்பக்கமாக வந்துவிடுகிறது. அடிப்பக்கம் இடது பக்கம் நகர்கிறது என்று சொன்னேன் அல்லவா? ஆகவே மூக்கும் இடது பக்கம் நகர்கிறது, பந்தும் இடது பக்கம் வளைகிறது. அதே அடிப்பக்கம், அதே சுழற்சி. காற்றில் ஒரு திசை, தரையில் நேர் எதிர்த்திசை. இதைப் புரிந்துகொண்ட அன்று நான் சமையலறையில் எலுமிச்சம்பழத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எல்லோரும் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

1993 ஜூன் 4ஆம் தேதி மான்செஸ்டரில் ஷேன் வார்ன் மைக் கேட்டிங்குக்குப் போட்ட பந்தை நூற்றாண்டின் பந்து என்கிறார்களே, அதுவும் இதேதான், திசைகள் மட்டும் மாறியிருக்கும். லெக் ஸ்பின். காற்றில் லெக் பக்கம் வளைந்து போய், தரையில் பட்டு எதிர்ப்பக்கம் திரும்பி ஆஃப் ஸ்டம்பைத் தட்டியது. எங்கள் ஸ்மார்ட் போர்டில் அந்தக் காணொளியைப் போட்டேன். பையன்கள் தரையில் பட்ட பிறகு திரும்பியதைப் பார்த்துக் கைதட்டினார்கள். அந்த மாணவி மட்டும், "டீச்சர், மொதல்ல இருந்து போடுங்க, காத்துல போறதைப் பாக்கணும்" என்றாள்.

பிடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுழற்சியின் அச்சு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதைத் தீர்மானிப்பது பந்தைக் கடைசியாகத் தொடும் விரல். பம்பரம் விட்டவர்களுக்கு இது தெரியும். சாட்டையை எப்படிச் சுற்றுகிறோம், எப்படி இழுக்கிறோம் என்பதில்தான் பம்பரம் நிமிர்ந்து ஆடுவதும் சாய்ந்து விழுவதும் இருக்கிறது. ஆஃப் ஸ்பின்னில் பெரும்பாலான வேலை ஆள்காட்டி விரலுக்கு. லெக் ஸ்பின்னில் மோதிர விரலும் மணிக்கட்டும். முத்தையா முரளிதரன் விரலோடு மணிக்கட்டையும் சேர்த்துச் சுழற்றியவர். கண்டியில் பிறந்த தமிழர், பிறவியிலேயே முழுவதும் நீட்ட முடியாத முழங்கை. அந்தக் கையோடு 133 டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட். 2010 ஜூலை 22 அன்று காலியில் தன் கடைசி டெஸ்டில் எண்ணூறாவதை எடுத்தார். இன்றுவரை யாரும் அந்த எண்ணைத் தொடவில்லை.

அஸ்வினின் கேரம் பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவது போல, கட்டைவிரலுக்கும் மடக்கிய நடுவிரலுக்கும் இடையே பந்தை வைத்துச் சுண்டிவிடுவது. ஆஃப் ஸ்பின் வரும் என்று காத்திருக்கும் ஆட்டக்காரருக்கு அது எதிர்ப்பக்கம் திரும்பும். சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்து ஆடுகிறவர்கள் இதைச் சொடக்குப் பந்து என்பார்கள். அஸ்வின் அதைக் கற்றுக்கொண்டது அப்படிப்பட்ட தெரு ஆட்டத்தில்தான்.

இதற்கு முன்னோடியும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஜாக் ஐவர்சன், இரண்டாம் உலகப் போரில் நியூ கினியில் இராணுவத்தில் இருந்தபோது, பொழுதுபோக்காக மேசைப் பந்தை நடுவிரலால் சுண்டிப் பழகினார். போர் முடிந்ததும் அதையே கிரிக்கெட் பந்தில் செய்தார். 1950-51இல் இங்கிலாந்துக்கு எதிராக ஐந்து டெஸ்டுகளில் 21 விக்கெட். அப்போது அவருக்கு 35 வயது. 2008இல் கராச்சியில் நடந்த ஆசியக் கோப்பை இறுதிப் போட்டியில் இலங்கையின் அஜந்த மெண்டிஸ் இதே சுண்டலை வைத்து 13 ஓட்டங்களுக்கு 6 இந்திய விக்கெட்டுகளை எடுத்தார். நமக்கு அது நல்ல நாள் அல்ல.

என் வகுப்பில் இதைச் சொன்னபோது கோலி விளையாடும் பையன்கள் எல்லோருக்கும் திடீரென்று முகம் மலர்ந்தது. நடுவிரலால் குண்டைச் சுண்டுவதில் அவர்களுக்குப் பத்து வருட அனுபவம். ஒருவன் சும்மா உட்கார்ந்தபடியே பந்தைச் சுண்டி மேசையில் திருப்பிக் காட்டினான். எனக்கு இன்றுவரை வரவில்லை.

இங்கே சாஃப்ட்பாலைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் உடற்கல்வி ஆசிரியர் பெண் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்திருந்தார். பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டிகளில் அதுவும் இருக்கிறது, நம் பக்கம் ஆடுவோர் குறைவு என்பது அவர் கணக்கு. பந்தைத் தோளுக்கு மேலிருந்து வீசக் கூடாது. கையைக் காற்றாலை போல ஒரு முழுச்சுற்று சுற்றி, இடுப்பருகே கீழிருந்து விட வேண்டும். கயத்தாறு காற்றாலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

இந்த ஆட்டத்தில் தரையில் பட்டுத் திரும்புவது என்ற பேச்சே இல்லை. பந்து காற்றிலேயே ஆட்டக்காரரை அடைந்துவிடுகிறது. ஆகவே எல்லாம் பிடியிலும் சுழற்சியிலும்தான். தையலுக்குக் குறுக்கே விரல்களை வைத்து, விடும்போது விரல் நுனிகள் பந்தின் பின்புறத்தில் மேல்நோக்கி உரித்தாற்போல வந்தால், பந்து முன்பக்கமாகச் சுழலும். மூக்கு கீழே. பந்து திடீரென்று இறங்கும். அதற்கு டிராப் என்று பெயர். மாறாக, ஆள்காட்டி விரலை மடக்கித் தையலில் ஊன்றி, விடும் நேரத்தில் விரல்கள் பந்தின் அடியில் போகும்படி கையைக் கைப்பிடி திருகுவது போலத் திருகினால் பின்சுழற்சி வரும். மூக்கு மேலே. அதற்கு ரைஸ் என்று பெயர், ஏறும் பந்து. பந்தை உள்ளங்கையில் ஆழமாக வைத்து, கையை மட்டும் வேகமாகச் சுற்றினால், விரல்கள் தள்ளாததால் பந்து மெதுவாகப் போகும். அது ஏமாற்றுப் பந்து.

ஏறும் பந்து உண்மையிலேயே ஏறுகிறதா என்று வகுப்பில் இரண்டு நாள் சண்டை. சார் "ஏறும்" என்றார். அந்த மாணவி "ஏறுற மாதிரி இருக்கு சார், ஆனா ஏறல" என்றாள். சாரிடம் பந்து இருந்தது, என்னிடம் ஒன்பதாம் வகுப்பு இயக்கச் சமன்பாடு இருந்தது. கணக்குப் போட்டோம். பெண்கள் சாஃப்ட்பாலில் எறியும் தூரம் 43 அடி, சுமார் 13 மீட்டர். எறிபவர் முன்னால் எட்டு வைத்துத்தான் பந்தை விடுகிறார் என்பதால் பந்து பறப்பது ஏறத்தாழ 11 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 27.8 மீட்டர். பறக்கும் நேரம் 0.4 நொடி. அந்த நேரத்தில் புவியீர்ப்பு பந்தை இழுக்கும் தூரம், அரை பெருக்கல் 9.8 பெருக்கல் 0.4இன் வர்க்கம். ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். இதை முழுவதும் ஈடுகட்டி அதற்கு மேலும் ஏற வேண்டும் என்றால், பந்தின் எடையை விட அதிகமான மேல்நோக்கு விசை வேண்டும். பந்து கிட்டத்தட்ட 190 கிராம், ஆக 1.9 நியூட்டன். நல்ல வீராங்கனையின் பின்சுழற்சியும் அந்த அளவை எட்டுவதில்லை. 80 சென்டிமீட்டர் இறங்க வேண்டிய பந்து அதைவிடக் குறைவாக இறங்குகிறது. இறங்கும் இடத்தைக் கண் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருப்பதால், அதற்கு மேலே வரும் பந்து ஏறியதாகத் தோன்றுகிறது. கீழிருந்து மேல்நோக்கி எறிவதால் பந்து உயர்ந்து போகலாம், அது வேறு. எறிந்த நேர்க்கோட்டுக்கு மேலே வளைந்து ஏறுவதில்லை.

கணக்கு முடிந்ததும் சார் அவளைப் பார்த்து, "நீ சொன்னதுதான் சரிம்மா" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. என் வகுப்பில் நான் ஒரு பிள்ளையிடம் அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனை வருடம் ஆகிறது என்று யோசித்தேன்.

வகுப்பறையில் செய்ய என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். கிரிக்கெட் பந்து வேண்டாம், ஆபத்து. டென்னிஸ் பந்தே நல்லது. ஏறக்குறைய அதே அளவு, ஆனால் எடை மூன்றில் ஒரு பங்குதான். ஒரே அளவு விசைக்கு மூன்று மடங்கு வளையும், கண்ணுக்கு நன்றாகத் தெரியும். பாதிப் பந்துக்குக் கறுப்பு மை பூசினால் சுழலும் அச்சு தெரியும். கைப்பேசியில் மெதுவாக ஓடும் காணொளி எடுத்தால் இன்னும் நல்லது. வழவழப்பான பிளாஸ்டிக் பந்தைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். சில வேகங்களில் அது நான் சொன்னதற்கு நேர் எதிர்ப்பக்கம் வளைந்து உங்கள் மானத்தை வாங்கிவிடும். எனக்கு நடந்திருக்கிறது. வழவழப்பான பரப்பில் காற்று பிரியும் இடம் மாறிவிடுவதால் அப்படி. முதல் நாளே அதைக் காட்டினால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.

பந்தே இல்லாமலும் செய்யலாம். பழைய மாத நாட்காட்டித் தாளை ஒரு சாண் நீளக் குழாயாக, மூன்று விரல் நுழையும் அளவுக்குச் சுருட்டி ஓரத்தை ஒட்டுங்கள். மேசையில் ஒரு பலகையைச் சாய்த்து, குழாயை அதில் உருட்டி விடுங்கள். மேசை விளிம்பைத் தாண்டியதும் அது முன்னால் போய் விழும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எங்கே விழும் என்று சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள். குழாய் திரும்பி மேசைக்கு அடியில் போய் விழும். மூக்கு விதியை வைத்து ஏன் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். வானவில் மன்றக் கருவிப் பெட்டி எதுவும் இதற்குத் தேவையில்லை, தொடக்கப் பள்ளியிலும் செய்யலாம். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

காற்று என்றதும் ஒன்று. ஆனி, ஆடி மாதங்களில் நம் பக்கம் மேல்காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதங்களில் காற்றை எதிர்த்து ஒரு முறையும் காற்றோடு ஒரு முறையும் ஒரே மாதிரிச் சுழற்றி எறியச் சொல்லுங்கள். எதிர்த்து எறியும்போது வளைவு கூடும். பந்துக்கும் காற்றுக்கும் இடையே உள்ள வேகம்தான் கணக்கு, தரைக்கும் பந்துக்கும் இடையே உள்ளது அல்ல. சார்பு வேகத்தை இதைவிட எளிதாக நான் நடத்தியதில்லை.

தூத்துக்குடித் துறைமுகத்தில் அப்பா வேலை செய்யும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால், அவர்களுக்கு ஃபிளெட்னரின் கப்பலைச் சொல்லுங்கள். 1924இல் ஜெர்மனியில், பாய்மரத்துக்குப் பதில் இரண்டு பெரிய உருளைகளை நிறுத்தி அவற்றை மோட்டாரால் சுழலவிட்டு, அதே மாக்னஸ் விசையால் கப்பலை ஓட்டினார்கள். 1926இல் அது அட்லாண்டிக்கையே கடந்தது. எண்ணெய் மலிவாக இருந்ததால் அப்போது எடுபடவில்லை. இப்போது எரிபொருளை மிச்சப்படுத்தச் சில சரக்குக் கப்பல்களில் அந்தச் சுழலும் உருளைகள் திரும்ப வந்திருக்கின்றன.

நேரமாகிவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் சைகை காட்டுகிறார். அந்த மாணவியைப் பற்றிக் கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். மாவட்ட அணி, பதக்கம் என்று எதுவும் இல்லை. ஆண்டுத் தேர்வில் அறிவியலில் தேறினாள், பெரிய மதிப்பெண் இல்லை. பத்தாம் வகுப்பில் முதல் பாடம் இயக்க விதிகள். அதில் மூன்றாம் விதிக்கு எடுத்துக்காட்டு எழுதச் சொன்னபோது, துப்பாக்கியும் ராக்கெட்டும் எழுதாமல் பந்தின் வாலை வரைந்திருந்தாள். படம் கோணல். அம்புக்குறி சரி. முழு மதிப்பெண் போட்டேன்.

கடன் வாங்கிய பாடவேளைகளைச் சாரிடம் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன். வாரம் ஒன்று. இந்த வேகத்தில் நான் ஓய்வு பெறும் வருடத்தில்தான் கணக்கு தீரும் என்று அவர் சொல்கிறார்.

போன மாதம் அவள் பள்ளியை விட்டுப் போகும்போது மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாள். வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி வந்து கேட்டாள்: "டீச்சர், சுத்துனா வளையும், சரி. சுத்தவே சுத்தாம விட்டாலும் சில நேரம் பந்து இங்கிட்டும் அங்கிட்டும் ஆடுதே, அது ஏன்?"

தையல் இருக்கும் பக்கமும் இல்லாத பக்கமும் என்று ஏதோ ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டு, "படிச்சுட்டுச் சொல்றேன்மா, நீயும் எறிஞ்சு பாத்துட்டு வா" என்றேன். இந்தக் கூடுகையில் இயற்பியல் படித்தவர்கள் யாராவது இருந்தால், தேநீர் இடைவேளையில் என்னிடம் வந்து பேசுங்கள். பந்து என் பையில் இருக்கிறது.